நலமா என்னும் வினா

2003 ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக மணிலாவில் தங்கியிருந்தபோது, சீன நாட்டு இளங்குரு ஒருவர் எனக்கு அடுத்த அறையில் இருந்தார். ஆங்கில நூல்களைத் தடையின்றி வாசிப்பார். பேச்சுதான் நாவில் வர மறுத்தது. மாலைதோறும் அதைக் கற்பிக்கும் பொறுப்பு, குருமடத்து ஆங்கிலம் மட்டுமே அறிந்த என்னிடம் வந்து சேர்ந்தது.

முகமனில் தொடங்கினோம். 'சாப்பிட்டீர்களா?' என்பது சீனத்தில் வழக்கமான நலவிசாரிப்பு, 'எங்கே போகிறீர்கள்?' என்பதும் அப்படியே. (நம் ஊரில் 'எங்கே' என்பது சகுனத்தடை என்று 'தூரமா?' எனக் கேட்போம்.) இவற்றை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், முன்னதை விருந்தழைப்பு என்றும் பின்னதைத் துப்பறிதல் என்றும் மேலைநாட்டார் எண்ணக்கூடும் என்றேன். நண்பருக்கு 'ஹாய்', ஆயருக்கு 'குட் மார்னிங்'. இளைஞர் 'வாட்ஸ் அப்?' என்றால் 'நாட் மச்' போதும். மறுநாளே முதுபெரும் பேராசிரியர் ஒருவரை அவர் 'வாட்ஸ் அப்?' என்று எதிர்கொண்டார். பெரியவர் சிரித்துவிட்டார்.

'ஹவ் ஆர் யூ?' மட்டும் அவருக்குப் புதிராகவே இருந்தது. கேட்டவர் பதிலுக்கு நில்லாமல் போகிறாரே, பின் ஏன் கேட்கிறார்? "அது வினாவன்று, வணக்கம். தலைவலியையும் வீட்டுத் துயரையும் அங்கே அவிழ்க்கலாகாது. 'ஃபைன், தேங்க்ஸ்' என்று சொல்லி நடையைக் கட்டுங்கள்" எனப் பெருமையோடு போதித்தேன்.

தவக்காலத்தில் ஒருநாள் காலை, படிக்கட்டில் எதிர்ப்பட்டவரிடம் வழக்கம்போல் 'ஹவ் ஆர் யூ?' என்றேன். 'ஃபைன், தேங்க்ஸ்' என்றார். உச்சரிப்பில் பிழையில்லை. மாணவர் தேறிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் மாடியேறினேன். முந்திய இரவு அவருடைய தாயார் இறந்த செய்தி வந்திருந்தது என்பதை, மாலைத் திருப்பலியின் மன்றாட்டில்தான் அறிந்தேன்.

வானதூதர் மரியாவிடம் சொன்ன முதற்சொல்லும், லூக்கா எழுதிய கிரேக்கத்தில், தெருவில் எவரும் எவருக்கும் கூறும் சாதாரண முகமன்தான். 'மகிழ்க' என்பது அதன் சொற்பொருள். மரியாவோ அவ்வாழ்த்து எத்தகையதோ என நின்று எண்ணினார். குருமடத்தில் இவ்வசனத்துக்கு விளக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான்.

அன்றிரவு அவர் கதவைத் தட்டினேன். என்ன சொல்வதென்று தோன்றவில்லை. விளையாட்டாக அவர் எனக்குக் கற்பித்திருந்த சீனச் சொற்களே வாயில் வந்தன: 'ச்சி லெ மா?' சாப்பிட்டீர்களா?

இல்லையெனத் தலையசைத்தார். சமையலறையில் மிஞ்சியிருந்த சோற்றையும் அவித்த முட்டைகள் இரண்டையும் எடுத்து வந்தேன். தாயைப் பற்றி நெடுநேரம் பேசினார், பாதிக்குமேல் சீனத்தில். ஆங்கிலத்தில் வந்த பிழைகளை நான் திருத்தவில்லை.