அக்கா மகளின் சத்துமாவு விளம்பரம்



"டீச்சர், முகநூலில் சத்துமாவு விளம்பரம் ஓடுதே, அது நீங்க போட்டதா?" என்று நாலைந்து பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், நான்தான் போட்டேன். விவரம் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் என் அக்கா மகள் கணவரை இழந்து இரண்டு வருடம் ஆகிறது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு. கம்பையும் கேழ்வரகையும் முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து விற்கிறாள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் இந்த மாவில்தான் வரவேண்டும். ஆனால் தெருவைத் தாண்டி ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

எனக்கு முன்பே அவள் ஒரு தடவை 500 ரூபாய் கட்டிப் பதிவை 'பூஸ்ட்' செய்திருந்தாள். லைக் 300-ஐத் தாண்டியது, பாக்கெட் ஒன்றுகூடப் போகவில்லை. பார்த்தால், நோக்கம் என்ற இடத்தில் லைக் வாங்குவதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கேட்டது கிடைத்திருக்கிறது! ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதும்போது முதல் வரியே நோக்கம்தானே. இங்கேயும் அப்படியே. இந்த முறை, தொட்டவுடன் வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கும்படியான விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வரைபடத்தில் அவள் வீட்டை மையமாக வைத்து 15 கிலோமீட்டர் சுற்றளவு. ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான். சென்னைக்காரர் பார்த்து என்ன செய்ய?

தொடங்குவதற்கு முன் மெட்டாவின் 'ஆட் லைப்ரரி'யில் ஒரு மாலை உட்கார்ந்தேன். யார் என்ன விளம்பரம் ஓட்டுகிறார்கள் என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பாதிக்கு மேல் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தது. நாங்கள் அவள் வாணலியில் வறுப்பதைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து 20 நொடி எடுத்தோம். பலரும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதால் எழுத்தும் போட்டோம். நீளமாக எழுதினால் 'மேலும் பார்க்க' என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் முதல் வரியிலேயே விலை, எடை, ஊர். மூன்றும் இல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சண்டை வந்தது ஒரு வரிக்காக. "சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு போடுவோம் சித்தி, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றாள். முடியாது என்றேன். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட, நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே, "முளைகட்டி, வறுத்து, வாரம் ஒருமுறை மட்டும் அரைப்பது" என்று எழுதி அனுப்பினாள். எனக்கு அப்படி எழுத வந்திருக்காது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண்ணையும் சேர்த்தோம்.

நாளுக்கு 200 ரூபாய், ஆறு நாள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,416 ரூபாய். முதல் இரண்டு நாள் ஓர் அசைவும் இல்லை. எதையாவது மாற்றுவோம் என்று துடித்தாள். அடிக்கடி கைவைத்தால் அந்த ஏற்பாடு மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும், பொறு என்றேன். மொத்தம் 31 பேர் விசாரித்தார்கள், 9 பேர் வாங்கினார்கள். அரைக்கிலோ 180 ரூபாய். 1,620 ரூபாய் வந்தது. தானியச் செலவைக் கழித்தால் கைநஷ்டம்தான். ஆனால் அந்த ஒன்பதில் நான்கு பேர் அடுத்த மாதமும் வாங்கினார்கள், விளம்பரச் செலவு இல்லாமல். அதனால்தான் இரண்டாவது முறையும் போட்டிருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் கண்ணில் பட்டால், டீச்சருக்காக என்று தொட்டு "ஹாய்" அனுப்பாதீர்கள். வாங்காதவர்கள் தொட்டால், உங்களைப் போன்றவர்களையே தேடிப்பிடித்து அவள் காசில் காட்டும். திண்டுக்கல், சின்னாளபட்டி பக்கம் இருந்து, வீட்டில் கஞ்சி குடிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் தொடுங்கள். மற்றவர்கள் இந்தப் பதிவின் கீழே நலம் விசாரியுங்கள், போதும்.