மூன்றாமவர்

புகழ் ஒரு விந்தையான பொருள். அது உழைப்பின் அளவுக்கு ஏற்பக் கிடைப்பதன்று. ஆற்றலின் அளவுக்கு ஏற்பவும் கிடைப்பதன்று. காட்டை வெட்டி வழி செய்தவனுக்குக் கிடைக்காத புகழ், அவ்வழியில் பின்னர் நடந்தவனுக்குக் கிடைப்பதுண்டு. இஃது உலகியல்பு என்று சொல்லி நாம் அமைதியடைந்து விடுகின்றோம். ஆயினும், ஒரு கலைஞரின் இசையால் வாழ்நாளெல்லாம் இன்புற்றவர்கள் அவர் பெயரைக்கூடச் சொல்லாதிருப்பது, உலகியல்பு என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுமா? இக்கட்டுரை, பெயர் மங்கிய ஒரு கலைஞரைப் பற்றியது. அவர் பெயரை மங்கவிடாது காத்த சிலரைப் பற்றியதும் ஆகும்.

பண்டிட் பிரிஜ் பூஷண் கப்ரா என்னும் பெயரைத் தமிழாசிரியர் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அவர் 1937 ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்து ஜோத்பூரில் பிறந்தார். 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மறைந்தார். கித்தாரைக் கிடத்தி வைத்து, அதன் கம்பிகளின்மேல் எஃகுத் துண்டை வழுக்கவிட்டு இசைக்கும் முறைக்கு ஹவாய்க் கித்தார் என்று பெயர். திரைப்பாடல்களுக்கும் மெல்லிசைக்கும் மட்டுமே உரியதென்று கருதப்பட்ட அக்கருவியில், வடநாட்டு இராகங்களை ஆலாபனை முதலாக முழுமையாக வாசித்துக் காட்டிய முன்னோடி அவர்.

அவருடைய மறைவுச் செய்தி பூச்சோங்கில் எங்களுக்குச் சில நாள் கழித்தே எட்டியது. 'எங்களுக்கு' என்று நான் குறிப்பிடுவது, ஞாயிறு மாலைகளில் இசைத்தட்டுக் கேட்பதற்கென்று கூடிய ஐந்தாறு அன்பர்களை. எங்கள் குழுவுக்குப் பெயர் இல்லை, பதிவு இல்லை, செயலவையும் இல்லை. ஆகவே சண்டையும் இல்லை. தோட்டத்துக் கிராணியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் தாமான் வீட்டுக் கூடமே எங்கள் அவை. இரப்பர்த் தோட்டங்களும் ஈயக் குட்டைகளுமாக இருந்த பூச்சோங்கை அறிந்தவர் அவர். 1999 இல் டாமன்சாரா பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், 2016 இல் இலகு இரயில் வந்ததும் அவர் கண்முன் நிகழ்ந்தவை. தாம் பற்றுவழிக் கணக்கு எழுதிய நிரைகளின்மேல் இப்போது மாடிவீடுகள் நிற்கின்றன என்று அவர் சொல்வதுண்டு. அச்சொல்லில் வருத்தத்தைவிட வியப்பே மிகுதியாக இருக்கும்.

அப்பெரியவர் 1970களின் தொடக்கத்தில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் வாங்கிய இசைத்தட்டுகளுள் ஒன்று 'கால் ஆஃப் தி வேலி'. பள்ளத்தாக்கின் அழைப்பு என்று தமிழில் கூறலாம். 1967 இல் வெளிவந்த அத்தட்டு, காசுமீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள் வாழ்க்கையை, காலை முதல் இரவு வரை இராகங்களால் சொல்வது. அதில் சந்தூர் வாசித்தவர் சிவகுமார் சர்மா. குழல் ஊதியவர் ஹரிபிரசாத் சௌராசியா. கித்தார் வாசித்தவர் கப்ரா. மூவரும் முப்பது வயதை ஒட்டிய இளைஞர்கள். அந்தத் தட்டு உலகெங்கும் பரவியது. சௌராசியா 2000 இலும் சர்மா 2001 இலும் பத்ம விபூஷண் விருது பெற்றனர். அவர்கள் பெயரை இசையறியாதாரும் அறிவர். மூன்றாமவரின் பெயரோ, தட்டின் உறையை எடுத்துப் படிப்பவர்களோடு நின்றுவிட்டது.

கப்ராவின் தந்தையார் இசையைப் போற்றியவர். தமையனார் தாமோதர்லால் கப்ரா சரோத் கலைஞர். புகழ்பெற்ற சரோத் மேதை அலி அக்பர் கான், ஜோத்பூர் அரசவையில் இருந்தவர். இத்தகைய சூழலில் வளர்ந்த இளைஞர், கல்கத்தாவுக்குச் சென்றபோது ஹவாய்க் கித்தாரின் ஒலியில் மனத்தைப் பறிகொடுத்து, அதனை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். தந்தையார் அதனை விரும்பவில்லை. நம் செவ்வியல் இசையை மட்டுமே அதில் வாசிப்பதென்றால் வாசிக்கலாம் என்று அவர் ஒரு நிபந்தனை விதித்தார் என்பர். மகன் அதனை ஏற்று, அலி அக்பர் கானிடம் மாணாக்கரானார். மேலைநாட்டார் கித்தாரில் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வர். கப்ரா அவ்வழக்கத்தை விடுத்து, இராகத்தின் ஒற்றை இழையைப் பற்றிச் சென்றார். சுருதி கூட்டும் துணைக் கம்பிகளையும் சேர்த்துக்கொண்டார். தடை என்று விதிக்கப்பட்ட சொல்லையே பாதையாக்கிக்கொண்டது அவர் வாழ்க்கை.

அக்கருவி கல்கத்தாவுக்கு வந்த கதையும் சுவையானது. 1880களில் ஹவாய்த் தீவின் ஜோசப் கெக்குக்கு என்னும் இளைஞர், கம்பிமேல் எஃகை வழுக்கவிட்டு இசைக்கும் முறையைக் கண்டார் என்பது பெருவழக்கு. கேப்ரியல் டேவியன் என்னும் இந்தியக் கடலோடியே அம்முறையை அங்குக் கொண்டுசென்றவர் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், அது தீவிலிருந்து அமெரிக்கா சென்றது, ஆசியாவுக்கும் வந்தது. ஹவாயிலிருந்து 1928 இல் புறப்பட்டு நாடு நாடாகச் சென்று வாசித்த தௌ மோ என்னும் கலைஞர், 1940களில் கல்கத்தாவில் தங்கிப் பலருக்கு அதனைக் கற்பித்தார். அமெரிக்காவிலோ அதே கருவிக்குக் கால்களும் மிதிகளும் பூட்டி, ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியையே மிதியால் ஏற்றியிறக்கும் 'பெடல் ஸ்டீல்' கித்தார் பிறந்தது. 1954 இல் வெப் பியர்ஸ் என்னும் பாடகரின் பாடல் ஒன்று அங்குப் பெரும் புகழ் எய்தியது. அப்பாட்டில் மிதியை அழுத்திச் சுரத்தை வளைத்த பட் ஐசக்சின் ஒலியைக் கேட்டு, அந்நாட்டுக் கித்தார் கலைஞர் பலர் தம் கருவிகளை மாற்றியமைத்தனர். பாடகரின் பெயரை நாடு அறிந்தது. ஐசக்சின் பெயரைக் கருவி வாசிப்போர் அறிந்தனர். கடலுக்கு அப்பாலும் கதை இதுதான்.

கப்ரா மறைந்த செய்தி வந்த ஞாயிறன்று, கிராணியார் அத்தட்டின் உறையை மேசைமேல் நிறுத்தி, அதன்முன் குத்துவிளக்கு ஏற்றினார். பல்கலைக்கழகத்தில் பயிலும் அவருடைய பேரன் அதனைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவர் தமிழர் அல்லர், மலேசியரும் அல்லர். இவர் நமக்கு என்ன உறவு?" என்று கேட்டான். ஏளனமாகக் கேட்கவில்லை, அறிய விரும்பியே கேட்டான். கிராணியார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "யாழ்மூரி படித்திருக்கிறாயா, ஐயா?" என்று திருப்பிக் கேட்டார்.

பெரியபுராணம் பயின்றோர் அறிந்த நிகழ்ச்சி அது. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன்சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், பிள்ளையாரின் பதிகங்கள் பரவுவதற்குப் பாணரின் யாழே காரணம் என்று பேசினர். தமக்கு உரியதல்லாத புகழ் தம்மேல் சாற்றப்படுவது கண்டு பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரை அவரே வேண்டினார். அவ்வாறே பாடப்பட்ட பதிகத்தை இசைக்கமாட்டாது யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கிய அளவு வாசிக்குமாறு அருளினார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று கருவியைப் பற்றியது. யாழில் நரம்புக்கு ஒரு சுரம்; மனிதக் குரலோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வளைந்தும் குழைந்தும் செல்வது. நரம்புக்கும் நரம்புக்கும் இடையே கிடக்கும் அந்த வெளியைக் கருவியில் எவ்வாறு பிடிப்பது என்பது நம் இசையின் நெடுநாள் வேட்கை. நம் கோட்டு வாத்தியம் அவ்வேட்கைக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. வீணையைப் போன்றதாயினும் அதில் மெட்டுகள் இல்லை. கருங்காலி போன்ற வன்மரத் துண்டைக் கம்பிகள்மேல் இழைத்து வாசிப்பர். இன்று அதனைச் சித்திரவீணை என்றும் வழங்குகின்றோம். ஆகவே, கப்ராவின் எஃகுத் துண்டும் காவிரிக்கரைக் கலைஞரின் மரத்துண்டும் ஒரே தேடலின் இரு கைகள். "உறவு என்று கேட்டாயே, ஐயா, இதுதான் உறவு" என்றார் கிராணியார்.

மற்றோர் உண்மை புகழைப் பற்றியது. புகழ் தவறான இடத்துக்குச் செல்வதைக் கண்டு பதைத்தவர், அப்புகழால் பயன் பெறவிருந்த பாணரே. அந்தப் பதைப்பு நம்மிடம் உண்டா? கோட்டு வாத்தியத்தையே எடுத்துக்கொள்வோம். அதனை அரங்கேற்றிப் பரப்பியவர்களுள் தலையாயவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பயின்றவர். மாணாக்கரின் பெயரை அறியாத இசையன்பர் இல்லை. ஆசிரியரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? வடக்கிலும் அவ்வாறே. கப்ராவின் மாணாக்கரான தேபாசிஷ் பட்டாச்சார்யா உலக அரங்குகளில் வாசிக்கின்றார். கித்தாரை மாற்றியமைத்து மோகன வீணை என்று பெயரிட்ட விஸ்வ மோகன் பட், 1994 இல் கிராமி விருது பெற்றார். அவர்கள் ஆற்றல் பெரிது; ஐயமில்லை. ஆயினும், கித்தாரோடு மேடையேறிய ஒருவரை இசையவை முதலில் ஐயத்தோடு நோக்கிய காலத்தில் அந்நோக்கைத் தாங்கி நின்றவர் கப்ரா.

அன்று நாங்கள் அத்தட்டை இருமுறை கேட்டோம். குழுவினர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கூறினர். சந்தூர் கோலால் தட்டி இசைப்பது; அதன் ஒலி துளித்துளியாய் விழும். குழலின் ஒலி மூச்சோடு எழுந்து மூச்சோடு அடங்கும். துளியையும் மூச்சையும் கோக்கும் நூலாக இடையே ஓடுவது கித்தார் என்றார் ஒருவர். பிறர் வாசிக்கும்போது தம் ஒலியைத் தாழ்த்திக்கொள்ளும் அடக்கமே தமக்குப் பிடித்தது என்றார் மற்றொருவர். கிராணியார் இறுதியாகப் பேசினார். அவருக்கு அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. முதுமையில் செவி தளரும்போது மேல்நிலை ஒலிகளே முதலில் மறையும். "சந்தூர் எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. குழலும் பாதிதான். முன்பு நான் கவனிக்காத கித்தார் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கடைசியில் எனக்குத் துணையாக மிஞ்சியவர் இவர்தான்" என்றார். பேரன் எழுந்து சென்று, தட்டின் உறையைக் கையில் எடுத்து, மூன்றாம் பெயரை வாய்விட்டுப் படித்தான்.

2022 மே திங்களில் சிவகுமார் சர்மா மறைந்தபோது உலக நாளேடுகள் விரிவாக எழுதின. அது தகுதியான சிறப்பே. நான் படித்த இரங்கலுரைகள் பலவற்றில் அந்த 1967 ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயரும் இருந்தது. கித்தார் வாசித்தவரின் பெயர் அவற்றுள் சிலவற்றில் மட்டுமே இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிராணியாரும் காலமானார். எங்கள் ஞாயிறு அவை கலைந்தது. ஆனால் பேரன் தன் நண்பர்களுக்கு அவ்விசையைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் மூவர் பெயரையும் சொல்லிவிட்டே தொடங்குகின்றான் என்று அறிகின்றேன். ஒரு பெரியவர் விட்டுச் சென்ற செல்வத்துள் இது சிறியதன்று.

பெயரைக் காப்பது தமிழர்க்குப் புதிய பழக்கமும் அன்று. குறுந்தொகையைத் தொகுத்தோர்க்குச் சில பாட்டுகளின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. பெயர் தெரியாதவர் என்று எழுதி விட்டிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்ய ஒப்பவில்லை. பாட்டுக்குள் புகுந்து, அதில் ஒளிரும் ஒரு தொடரை எடுத்து, அதனையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், குப்பைக் கோழியார் என்றும் இன்று நாம் வகுப்பறையில் சொல்லும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. அவை முன்னோர் தம் நன்றியால் ஆக்கிய பெயர்கள். அவர்கள் பாட்டை ஊன்றிப் படித்தமையால்தான் பெயர் கிடைத்தது என்பதை மறக்கலாகாது. வெறும் புகழுரை பெயரைக் காக்காது. ஒருவர் என்ன செய்தார் என்று அறிந்து சொல்வதே காக்கும்.

அன்று பெயர் கிடைக்காதபோதே படைத்துக் கொடுத்தார்கள். இன்று பெயர் தட்டின் உறையிலேயே அச்சாகி இருக்கின்றது. கைப்பேசித் திரையிலும் தேடினால் கிடைக்கின்றது. நாம் செய்யவேண்டுவதெல்லாம் அதனைப் படிப்பதும் பிறர்க்குச் சொல்வதுமே. வகுப்பில் ஒரு பாடலை ஒலிக்கவிடும் ஆசிரியர், பாடியவர் பெயரோடு வாசித்தவர் பெயரையும் சொல்லட்டும். அதைக் கேட்கும் நாற்பது மாணவருள் ஒருவரேனும் நாளை அப்பெயரை வேறோர் இடத்தில் சொல்வார்.