தரநிலை சொல்லாத பாதி

ஆண்ட்ராய்டில் எச்.264 வீடியோவை மென்பொருளாலேயே விரித்துக் காட்டும் லைப்ரரிக்கு லிப்ஏவிசி என்று பெயர். அதன் கோப்புகளைத் திறந்தால் உரிமக் குறிப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: இதை முதலில் உருவாக்கி வழங்கியது பெங்களூர் இட்டியம் சிஸ்டம்ஸ். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்தியாவிலிருந்து வெளியே வந்த ஸ்ரீனி ராஜமும் சகாக்களும் 2001இல் தொடங்கிய நிறுவனம் அது. எச்.265 வீடியோவுக்கான அவர்களுடைய லிப்ஹெச்இவிசி 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 உடன் வந்தது. மறு ஆண்டு லிப்ஏவிசியும் லிப்எம்பெக்2வும் சேர்ந்தன. எல்லாம் அப்பாச்சி உரிமம். யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளில் சேர்க்கலாம்.

நான் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் குடியிருப்பவன். இதே ஊரில் வேறொரு நிறுவனத்தில் டிகோடர், அதாவது சுருக்கிய வீடியோவை விரிக்கும் நிரல், எழுதும் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் இந்தத் தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் யாரோ எழுதி, உலகத்துக்கே திறந்து வைத்த இந்தக் கோப்புகளை வரி வரியாகப் படித்துத்தான் கற்றேன்.

2003இல் வந்த எச்.264 தரநிலை, டிகோடர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே விதிக்கிறது. வீடியோவைச் சுருக்கும் என்கோடர் தன் இஷ்டப்படி முடிவெடுக்கலாம். டிகோடருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பழைய எம்பெக்-2இல் தசமக் கணக்கு இருந்ததால், இரண்டு டிகோடர்களின் விடையில் மயிரிழை வித்தியாசத்துக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வித்தியாசம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சேர்ந்துகொண்டே போகும். எச்.264 முழு எண்களுக்கு மாறியது. ஆயிரமாவது ஃப்ரேமில் ஒரே ஒரு பிக்சல் ஓர் எண் பிசகினாலும் டிகோடர் தவறு. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். வேகத்துக்காக எந்தக் குறுக்கு வழியில் போனாலும் விடை சரியா என்று கேட்க ஒரு நீதிபதி எப்போதும் இருக்கிறார்.

வேகமும் சாதாரண விஷயமில்லை. முழு எச்டி படம் ஒன்றில் 16க்கு 16 பிக்சல் கொண்ட மேக்ரோபிளாக்குகள் 8,160. நொடிக்கு 30 படம் என்றால் 2,44,800. (1080 என்பது 16ஆல் வகுபடாது. உள்ளே 1088 வரிகளை விரித்து, மிச்சமுள்ள எட்டை வெட்டிவிடுகிறோம்.) அரைப் பிக்சல் நகர்வு வந்தால் 1, -5, 20, 20, -5, 1 என்ற ஆறு எண் வடிகட்டி ஓட வேண்டும். ஏஆர்எம் சிப்பின் நியான் பதிவகம் ஒன்றில் 16 பிக்சல் அடங்கும். அடுத்த வரிசையை நினைவகத்திலிருந்து எடுக்கும் கட்டளையை இந்த வரிசையின் பெருக்கலுக்கு நடுவே செருகி, சிப்பைக் காத்திருக்க விடாமல் எழுதுவது அசெம்பிளிக்காரரின் கைவண்ணம்.

ஆனால் இதெல்லாம் பிட்ஸ்ட்ரீம், அதாவது சுருக்கிய வீடியோவின் பிட் வரிசை, ஒழுங்காக வரும்வரைதான். மழை பிடித்தால் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைந்துபோன பகுதியில் எதைக் காட்டுவது என்று தரநிலை விதிக்கவில்லை. முந்தைய படத்திலிருந்து எடுத்து நிரப்பலாம், அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்கலாம்; அது எழுதுபவரின் தீர்மானம். இதைவிடக் கடினமானது, வேண்டுமென்றே கெடுத்து அனுப்பப்படும் கோப்பு.

2015 ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஷுவா டிரேக், ஆண்ட்ராய்டின் மீடியா லைப்ரரியான ஸ்டேஜ்ஃபிரைட்டில் இருந்த ஓட்டைகளை வெளிப்படுத்தினார். ஓர் எம்எம்எஸ் வந்தாலே கைபேசி பிறர் கைக்குப் போய்விடலாம் என்று உலகம் அறிந்தது. அந்த ஓட்டைகள் வீடியோ கோப்பைப் பிரிக்கும் பகுதியில் இருந்தவை. ஆனால் அதன் பிறகு எல்லா மீடியா லைப்ரரிகளின் மேலும் கண் விழுந்தது. கூகுளின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கைகளில் 2016இல் லிப்ஏவிசி, லிப்ஹெச்இவிசி, லிப்எம்பெக்2 பெயர்களும் வந்தன.

அந்த ஓட்டைகளை அடைத்த திருத்தங்களைப் படித்தால் தொழில் புரியும். ஸ்லைஸ் என்பது படத்தின் ஒரு துண்டு. இந்த ஸ்லைஸுக்கு ஏற்கெனவே விரித்த படங்களில் இத்தனையைப் பார்த்துக்கொள் என்று ஸ்லைஸின் தலைப்பில் ஓர் எண் வரும். 32க்கு மேல் போகக் கூடாது என்பது தரநிலை. கெடுத்து எழுதுபவன் நாலாயிரம் என்று எழுதுவான். எல்லை பார்க்காமல் எடுத்துக்கொண்டால் பட்டியலைத் தாண்டி வேறு எதன் நினைவகத்திலோ கை வைத்துவிடுவோம். இது எளிய வகை. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் நடுவே படத்தின் அளவைப் பெரிதாக்கும் புதிய தலைப்பு வந்து, படத்தை வைக்கும் பஃபர்கள் பழைய அளவிலேயே இருந்தால் என்ன ஆகும்? பழைய அளவும் புதிய அளவும் தனித்தனியே சரியானவை, சேரும்போதுதான் விபரீதம். அனுபவம் வேண்டுவது இங்கேதான்.

இந்த எல்லைச் சோதனையை எங்கே வைப்பது என்பதும் எழுதுபவரின் தீர்மானம்தான். பிக்சலைத் தொடும் உள் சுழற்சியில் வைத்தால் வேகம் போய்விடும். பிட்களிலிருந்து எண்ணை எடுக்கும் இடத்திலேயே வைத்தால், அசெம்பிளிக்குள் நுழையும்போது எல்லாம் நம்பத்தக்கதாகிவிடும். ஆண்ட்ராய்டு 7.0 மீடியா வேலைகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. 10இல் மென்பொருள் கோடெக்குகள் இன்னும் இறுக்கமான சிறைக்குள் போயின. நல்ல ஏற்பாடு. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும் படம் நின்றுபோவது நின்றுபோவதுதான்.

புதிதாகச் சேருகிறவர்கள் நியான் அசெம்பிளியில் தொடங்கத் துடிக்கிறார்கள். நான் முதலில் கொடுப்பது லிப்ஏவிசியில் ஸ்லைஸ் தலைப்பைப் படிக்கும் கோப்பு. பிட்ஸ்ட்ரீமிலிருந்து எடுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் எல்லை எந்த வரியில் பார்க்கப்படுகிறது, அந்த வரி எந்தத் திருத்தத்தில் வந்தது, அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று குறித்து வரச் சொல்கிறேன். திருத்தங்களின் வரலாறு முழுவதும் திறந்தே கிடப்பதால் இந்தப் பாடம் நடக்கிறது. குறித்து முடித்தவர்களிடம், எந்தச் சோதனையும் இல்லாத எண் ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்பேன்.