விழாமல் வலம் வர

முதுமையில் கால்வலியைவிடப் பெரிய துன்பம், விழுந்துவிடுவோமோ என்ற அச்சம். எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்தளம், அபிஷேக நீர் வழியும் கோமுகி ஓரம், உயர்ந்த வாயிற்படி ஆகியவற்றை நினைத்தே பெரியோர் பலர் ஆலயம் செல்வதைக் குறைத்துக்கொள்கின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்து அடியார்களுக்கு இவ்விழப்பு மிகப் பெரிது. திருமயம், குடுமியான்மலை, திருக்கோகர்ணம் ஆகிய தலங்கள் பாறையைக் குடைந்த பழங்கோயில்களைக் கொண்டவை. விராலிமலை முருகன் கோயிலுக்கோ இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன.

பொன்னமராவதிப் பக்கத்து மூதாட்டி ஒருவர், பிரதோஷ நாளொன்றில் பிராகாரத்தில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் துணிவு போய்விட்டது. அதன்பின் ஓராண்டுக் காலம் கோயிலுக்கு வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்பினார்.

பிறகு சிங்கப்பூரில் வாழும் மகன் வீட்டுக்குச் சென்றார். தலைமுறைகளாக இப்பகுதியினர் பொருளீட்டச் செல்லும் ஊர் அது. டேங்க் சாலையில் 1859-ஆம் ஆண்டு நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி ஆலயம் அவ்வுறவுக்குச் சான்று. அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளம் திறந்தவெளிக் கூடமாக இருக்கும். காலை வேளையில் சீன முதியோர் அங்கே வரிசையாக நின்று, நீருக்குள் அசைவதுபோல் மெல்ல மெல்லக் கைகால்களை அசைப்பார்கள். ‘தாய் சி’ என்பது அப்பயிற்சியின் பெயர். அக்கம்பக்கத்தாரும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

“அத்தை, நீங்களும் போய் நின்று பாருங்களேன்” என்றாள் மருமகள்.

“அது அவர்கள் சாமி கும்பிடுகிற முறையோ என்னவோ, அம்மா” என்று தயங்கினார் மூதாட்டி.

அத்தயக்கம் நியாயமானதே. சீனத் தாவோ மரபின் தத்துவக் கருத்துகள் அதில் கலந்துள்ளன. எனினும், அப்பயிற்சியைச் செய்ய வழிபாடோ மந்திரமோ தேவையில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்தின் சென் குடும்பத்தார் வாழ்ந்த சிற்றூரில் தோன்றிய தற்காப்புக் கலை அது என்பர் ஆய்வாளர் பலர். 1956-இல் சீன அரசு அதனை 24 அசைவுகளாகச் சுருக்கிப் பொதுமக்களுக்கான உடற்பயிற்சியாக வகுத்தது. 2020-இல் யுனெஸ்கோ அதனை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் கற்பித்த கலை இதுவே என்று நம்மவர் சிலர் கூறுவதுண்டு. ஆனால் மரபுக் கதைகள் அவரோடு இணைத்துப் பேசுவது ஷாவோலின் மடத்துக் கலையையே.

முதல் நாள் அம்மூதாட்டி நாற்காலியைப் பற்றியபடியே நின்றார். ஆசிரியை பேசிய மொழி புரியவில்லை, சைகை புரிந்தது. உடற்பாரம் முழுவதும் ஒரு காலுக்கு மாறிய பின்னரே மறு காலை எடுக்க வேண்டும். எடுத்த காலின் குதிகால் முதலில் பதிய வேண்டும். அதன் பிறகே முழுப் பாதமும் தரையில் படிய வேண்டும். முழங்கால் சற்றே தளர்ந்திருக்க வேண்டும்.

“இது நம் அடிப்பிரதட்சிணம் மாதிரி அல்லவா இருக்கிறது!” என்று அன்று மாலை மருமகளிடம் வியந்தார். ஒரு பாதத்தின் விரல்நுனியை மறு பாதத்தின் குதிகால் தொட, அடியளந்து வலம் வருவது அடிப்பிரதட்சிணம். அது பிரார்த்தனை, இது பயிற்சி. ஆயினும், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் மனம் நிற்பது இரண்டுக்கும் பொது.

முதியோர் பலர் விழுவது, பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் அந்தக் கணத்தில்தான். தாய் சி பழக்குவதும் அந்தக் கணத்தையே. அமெரிக்காவில் 70 வயது கடந்த 670 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. வாரம் இருமுறையாக 24 வாரங்கள் இப்பயிற்சி பெற்றவர்கள், தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாகவே விழுந்தனர் என அது கண்டது.

சில மாதங்களில் ஊர் திரும்பிய மூதாட்டி, தம் வீட்டு முற்றத்தில் சுவரோரமாக நின்று நாள்தோறும் பழகினார். முதலில் நகைத்த அண்டைவீட்டுப் பெண்களுள் இருவர் பின்னர் உடன் சேர்ந்தனர். அடுத்து வந்த பிரதோஷத்தில் பேத்தியின் கைபற்றி ஒரு சுற்று வலம் வந்தார். மூன்று சுற்று இன்னும் இயலவில்லை. ஆனால் இப்போது நந்தியை அருகில் நின்று தரிசிக்கிறார்.

உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலாகவே கண்டவர் திருமூலர். ஆகவே இப்பயிற்சியை நாடுவோர் தயங்க வேண்டியதில்லை. மூட்டு அறுவை செய்துகொண்டோரும் தலைசுற்றல் உள்ளோரும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் அறிந்தவர் ஒருவர் உடனிருக்கட்டும். கைக்கெட்டும் தொலைவில் சுவரோ நாற்காலியோ இருக்கட்டும். ஆலயத்திலும் ஈரத்தரையைக் கண்டால் நின்று, பாரத்தை ஒரு காலில் நிலைநிறுத்தி, அதன் பின்னரே அடுத்த அடியை எடுத்து வைக்கலாம். அவசரப்படாமல் வருகிறவருக்காக இறைவன் காத்திருப்பான்.