தண்ணீர் குடி என்று சொல்வதற்கு முன்

ஜூன் 17, 2019

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுவிட்டன. தண்ணீர் இல்லாமல் சென்னையில் சில பள்ளிகள் வகுப்பு நேரத்தைக் குறைத்திருக்கின்றன. குழந்தைகளைக் கூல் டிரிங்க்ஸிலிருந்து தண்ணீருக்குத் திருப்புவது பற்றித் தொடங்கிய கட்டுரையை இந்த நிலையில் அப்படியே தொடர முடியவில்லை. லாரிக்காகக் குடத்தோடு நிற்கிறவர்களிடம் போய், பிள்ளைக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? தோன்றுவதை அந்தந்த நாளில் இங்கே குறித்துவைக்கிறேன்.

ஜூன் 18

அறிவுரைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 330 மில்லி கோலா டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம். குறைந்த வரம்பை எடுத்தால் 20தான். ஒரே டின் ஒரு நாள் கணக்கை முடித்துவிடுகிறது. ஓடியாடும் வயது, எல்லாம் கரைந்துவிடும் என்பார்கள். நெதர்லாந்தில் 641 பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதம் தினமும் 250 மில்லி பானம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, மீதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாதது. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 2012இல் முடிவு வெளிவந்தது: சர்க்கரைப் பானம் குடித்தவர்களின் எடை மற்றவர்களைவிட ஒரு கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. இரு தரப்பும் ஓடியாடும் வயதுதான்.

ஜூன் 20

மழை. ஆறு மாதத்துக்குப் பிறகு மழை. ஏரிக்குக் காணாது, மனசுக்குப் போதும்.

ஜூன் 24

கெடுதல் என்று தெரிந்தால் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், ஆகவே தெரியப்படுத்துவோம் என்பதுதான் நம் பள்ளிகளின் நம்பிக்கை. சுவரொட்டி, பேச்சுப் போட்டி, உறுதிமொழி எல்லாம் அதிலிருந்து வருகின்றன. என் வாதம் வேறு. பிள்ளை கைக்கெட்டியதைக் குடிக்கிறது. அந்தக் கைக்கெட்டும் இடத்தில் எதை வைக்கிறோம் என்பது பெரியவர்கள் எடுக்கும் முடிவு. ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களின் வசதி குறைந்த பகுதிகளில் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் நிறுவி, தண்ணீர் பற்றி நான்கே நான்கு பாடம் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டு முடிந்தபோது அந்தப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு தம்ளருக்குச் சற்று மேலாகக் கூடுதல் தண்ணீர் குடித்தார்கள். அதிக எடைக்கான வாய்ப்பு 31 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டில் பழக்காததைப் பள்ளி என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இதே ஆய்வில் என் வாதத்துக்குச் சாதகமில்லாத ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதியாக வேண்டும். தண்ணீர் கூடியதே தவிர, ஜூஸோ குளிர்பானமோ குறையவில்லை. குழாய் மட்டும் போதாது. எதிரே இருக்கும் பெட்டிக்கடையின் ஐஸ் பெட்டியையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நமக்கு இது புது விஷயமும் அல்ல. திருநாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரிய புராணம் சொல்கிறது. வழிப்போக்கர் கண்ணில் படும்படி வைத்தார், காசு கேட்கவில்லை. இன்றும் சித்திரையில் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தலைப் பேருந்து நிறுத்தத்தில்தான் போடுகிறார்கள்.

ஜூன் 29

கழிப்பறை. இதை எழுதாமல் தண்ணீரைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை. நம் நாட்டில் எத்தனையோ பெண் குழந்தைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாலை வரை வாய் நனைக்காமல் இருப்பது தண்ணீர் பிடிக்காததால் அல்ல, பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்துதான். தாழ்ப்பாள் இருக்காது, ஊற்றத் தண்ணீர் இருக்காது. அந்தப் பிள்ளையிடம் போய் இரண்டு லிட்டர் குடி என்று உபதேசிப்பது கொடுமை. ஏரி வற்றிய இந்த மாதம் வாளியில் இருந்த கொஞ்சமும் போயிருக்கும்.

ஜூலை 3

மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. அந்த ஆண்டு சராசரியாக 6 சதவீதம் விற்பனை குறைந்தது, டிசம்பரில் 12. வரி போடாத பானங்கள், முக்கியமாகப் பாட்டில் தண்ணீர், 4 சதவீதம் கூடின. இது ஏழைகள் தலையில் விழும் வரி என்ற எதிர்ப்பு அங்கேயும் எழுந்தது. வரி அவர்களுக்குத்தான் உறைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சராசரி 6 என்றால் வசதி குறைந்த குடும்பங்களில் 9 குறைந்தது. சர்க்கரை நோய்க்குக் காலமெல்லாம் மாத்திரை வாங்க முடியாத குடும்பங்களும் அவைதான். அந்தப் பணத்தைப் பள்ளிக் குழாய்க்கே செலவிட்டால் எதிர்ப்பில் பாதி அடங்கும். நம் ஜி.எஸ்.டி.யிலோ காஸ் நிரப்பிய பானத்துக்கு 28 சதவீதமும் மேல்வரி 12 சதவீதமும். மாம்பழப் படம் போட்ட பானத்துக்கு வெறும் 12. உள்ளே இருப்பது அதே சர்க்கரை. பழம் என்று நினைத்து 10 ரூபாய்ப் பாக்கெட்டைச் சாப்பாட்டுப் பையில் வைக்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அப்படி நினைக்க வைப்பதில் அரசின் வரிப்பட்டியலுக்கும் பங்கு இருக்கிறது.

ஜூலை 12

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. வெட்டிக் குறைத்த பிறகும் நகருக்கு நாளொன்றுக்குக் கொடுப்பது 52 கோடி லிட்டருக்கு மேல். அதன் முன் இது எம்மாத்திரம்.

இந்த நேரத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: எங்கே பிடித்ததென்று தெரியாத லாரித் தண்ணீரைவிட மூடி உடையாத பானம் மேல், காய்ச்சலாவது வராது. இது அறியாமை அல்ல. நம்பமுடியாத குழாயை வைத்துக்கொண்டு ஒரு தாய் போடும் கணக்கு. காய்ச்சிக் குடியுங்கள் என்றால் கேஸ் செலவு அவர் தலையில். ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு குழாய்க்காரருடையது. வீட்டுக் குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. ஒரு சொட்டு மருந்தும் சின்னக் குப்பியும் இருந்தால் நிறத்தைப் பார்த்தே அறியலாம். ஒவ்வொரு பள்ளியிலும் காலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே சோதித்து, அன்றைய அளவைக் குழாய்க்கு மேலே கரும்பலகையில் எழுதட்டும். தன் கையால் சோதித்த தண்ணீரைக் குடிக்க அந்தப் பிள்ளைக்கு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது.

ஆகஸ்ட் 9

எழுத ஒன்றுமில்லை. லாரி, கேன், விலை. அதே பேச்சு.

நவம்பர் 18

கேரளப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்'. பள்ளி நேரத்தில் தனியாக மணியடித்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்கிறார்கள். படித்ததிலிருந்து உற்சாகமாக இருக்கிறது. தாகம் எடுத்தால் தானே குடிக்காதா, இதற்கு மணி வேறா என்று சிலர் கேட்கிறார்கள். விளையாட்டிலும் பாடத்திலும் மூழ்கிய பிள்ளை தாகத்தைத் தள்ளிப்போடும். நடுவகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்படும். மணி அந்தக் கூச்சத்தைப் போக்குகிறது, சேர்ந்து குடிப்பதை வழக்கமாக்குகிறது. அடுத்து ஆசிரியர்கள் கழிப்பறைக்கும் நேரம் ஒதுக்க வேண்டிவரும், அங்கே தண்ணீர் இல்லையென்றால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்படும். அதற்காகவே இதை வரவேற்கிறேன்.

டார்ட்மண்ட் கணக்கு மட்டும் உறுத்துகிறது. மணியடித்துக் குடித்த பிள்ளை நாலு மணிக்கு வெளியே வந்ததும் அதே ஐஸ் பெட்டி முன்னால் நிற்கும். மாநில அமைச்சர்களும் உட்காரும் ஜி.எஸ்.டி. மன்றத்தில், மாம்பழப் படத்துக்கும் கோலாவுக்கும் ஒரே வரி போடுங்கள், வருவதைப் பள்ளிக் குழாய்க்குக் கொடுங்கள் என்று கேரளமோ தமிழ்நாடோ வாய்திறந்து கேட்குமா?