அடைக்கோழியும் ஒரு ஹதீஸும்



எங்கள் வீட்டு நாட்டுக்கோழி அடைக்கு அமர்ந்தபோது, இனி முட்டை கிடைக்காதே என்றுதான் முதலில் வருந்தினோம். ஊர் வழக்கப்படி அதைத் தண்ணீரில் முழுக்கி எடுத்துக் கூடையால் கவிழ்த்து மூடினோம்.

அன்று மாலை, எங்களிடமே மதரஸாவில் ஓதும் மகள் கேட்டாள்: "வாப்பா, குஞ்சுகளை இழந்து தவித்த பறவையின் ஹதீஸை இன்றைக்கு நீங்கள்தானே நடத்தினீர்கள்?"

அபூதாவூதில் பதிவான ஹதீஸ் அது. குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எங்களிடம் மறுமொழி இல்லை. கூடையைத் திறந்தோம்.

இரவில் வைக்கோல் பரப்பி 11 முட்டைகளை அடை வைத்தோம். நாளுக்கு ஒருமுறை மட்டும் இறங்கி, இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, அது விரைந்து திரும்பும். சூடு சீராகப் பரவ முட்டைகளை அலகால் புரட்டிவிடும். ஏழாம் நாள் டார்ச் ஒளியில் பார்த்து, கருக்கூடாத இரண்டை அகற்றினோம். 21ஆம் நாள் பஜ்ருத் தொழுகை முடிந்து வந்தபோது கீச்சொலி கேட்டது. எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன, ஒன்று பொரியவில்லை.

நொய்யரிசி இட்டால் தாய் முதலில் உண்பதில்லை. கொத்திக் காட்டிக் குஞ்சுகளை அழைக்கிறது. பருந்தின் நிழல் விழுந்தால் அதன் குரல் மாறுகிறது. எட்டும் சிறகுக்குள் மறைகின்றன.

அந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். அதை எங்கள் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தவள் ஒரு சிறுமி. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. கற்பிப்பதன்படி வாழவும் அருள்வானாக. ஆமீன்.