தண்டு பிறந்த தீவுக்கு ஒரு ரயில்

பெங்களூர் சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள், சேலை கட்டிய மாதா, தமிழில் ஜெபம். இன்றைய கோத்திக் கட்டடம் 1882-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே இருந்தது 1818-ல் எழுந்த காணிக்கை மாதா சிற்றாலயம், ஒரு கூரைக் கொட்டகை. அதை அமைத்தவர் ஆபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார். மைசூர் நாட்டுக்குள் அவர் வந்தது பெங்களூருக்காக அல்ல. திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கிறிஸ்தவர்களைக் கவனிப்பதற்காக.

பாதிரியார் வந்த வழியிலேதான் பட்டாளமும் வந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைப் பிடித்த கம்பெனிப் படை அந்தக் காவிரித் தீவிலேயே தங்கிப் பார்த்தது. காய்ச்சல் விடவில்லை. கொசுதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. இடம் சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. 1809-ல் பட்டாளம் மேட்டு நிலமான பெங்களூருக்கு, அல்சூர் பக்கம் மாறியது. சிப்பாய்களாகவும் சரக்குக் கொடுக்கிற வியாபாரிகளாகவும் கொத்தனார்களாகவும் சமையல்காரர்களாகவும் தமிழர்கள் அதன் பின்னால் வந்து குடியேறினார்கள். அப்படி வளர்ந்த பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். ஆகவே சிவாஜிநகர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஸ்ரீரங்கப்பட்டணம் போய் மாலையில் திரும்பினால், தன் பேட்டை உண்டான காரணத்தையே பார்த்துவிட்டு வருகிறார்.

ரயில் கதை தண்டு (கன்டோன்மென்ட்) ஸ்டேஷனில் தொடங்குகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து மதராஸ் ரயில்வே போட்ட அகலப்பாதை 1864-ல் அங்கே வந்து நின்றது. மைசூருக்குப் போகும் பாதை வேறு காலத்தது, வேறு வேதனையில் பிறந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876-78 பஞ்சத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகத் தொடங்கிய மண்வேலையே அதன் அடித்தளம். மீட்டர் கேஜில் 1882-ல் மைசூரைத் தொட்டது. 1990-களில் அகலப்பாதையாக மாறும்வரை, சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெங்களூரில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறித்தான் மைசூர் போனார்கள்.

சிட்டி ஸ்டேஷனுக்கு இன்று சங்கொள்ளி ராயண்ணா பெயர். அங்கிருந்து மைசூருக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். எல்லா ஊரிலும் நிற்கிற பாசஞ்சர் வண்டிதான் இந்தப் பயணத்துக்கு ஏற்றது. வேகமான வண்டிகள் பல ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்பதில்லை என்பது உண்மையிலேயே வருத்தம்.

கெங்கேரி தாண்டியதும் நகரம் விலகும். பிடதியில் தட்டு இட்லி. ராமநகரத்தில் ‘ஷோலே’ படம் எடுத்த பாறைக் குன்றுகள், பட்டுக்கூடு மொத்தச் சந்தை. சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணத்தை அழுத்தி ஏற்றுகிறார்கள். மரமும் அரக்கும் உரசுகிற சூட்டில் நிறம் உருகிப் பிடித்துக்கொள்கிறது. மத்தூரில் ரவையும் மைதாவும் வெங்காயமும் சேர்ந்த தட்டை வடை பெட்டிக்குள் வந்துவிடும். ரயில் முன்கூட்டியே வந்த ஒரு நாளில், பக்கோடா போட நேரமில்லாமல் மாவைத் தட்டிப் போட்டதில் பிறந்தது என்று அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள்.

மண்டியாவிலிருந்து கரும்பும் நெல்லும். இந்தப் பச்சைக்குக் காரணம் 1911 முதல் 1931 வரை கட்டிய கிருஷ்ணராஜசாகர் அணையும் அதன் விஸ்வேஸ்வரய்யா கால்வாயும். வழியில் கடக்கிற அர்க்காவதி, சிம்ஷா எல்லாமே காவிரியில் சேர்ந்து தமிழ்நாட்டுக்குப் போகும் ஆறுகள். அடுத்துப் பாண்டவபுரம். ஐதர், திப்புவின் பிரெஞ்சுத் துணைப்படை முகாமிட்டதால் வெள்ளைக்காரர் காலத்தில் இதற்கு ‘ஃபிரெஞ்ச் ராக்ஸ்’ என்று பெயர்.

பிறகு காவிரியின் வடகிளைமேல் பாலம் தடதடக்க, வண்டி தீவுக்குள் நுழைகிறது. தண்டவாளம் கோட்டையை வெட்டிக்கொண்டே ஓடுகிறது. இரட்டைப் பாதை போட வந்தபோது திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. அதை இடிக்கவில்லை. 2017-ல் அஸ்திவாரத்தோடு தூக்கி நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். கனத்த செங்கல் சுவரோடு பாதி மண்ணுக்குள் புதைந்தாற்போலக் கட்டிய கிடங்கு அது. ஒரு ரயில்பாதை தன் வழியில் இருந்த சரித்திரத்துக்காக இவ்வளவு சிரமப்பட்டது நம் நாட்டில் அபூர்வம். மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை.

ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதர் கோயிலும், திப்புவின் உடல் கிடந்த இடமும், கர்னல் பெய்லி பெயரிலான சிறையும் நடக்கிற தூரம்தான். இந்தக் கோயில் ஆதிரங்கம். காவிரியில் இதே பெருமாள் கடைசியாகப் பள்ளிகொண்ட இடம் நம் திருச்சி ஸ்ரீரங்கம். ஆட்டோ பிடித்து தரியா தௌலத் மாளிகைக்குப் போனால் தமிழ்ப் பயணிக்கு இன்னொரு உறவும் கிடைக்கும். மேற்குச் சுவரில், ஐதருக்கும் கம்பெனிக்கும் நடந்த 1780 போரின் ஓவியம். சதுர வியூகத்துக்குள் பல்லக்கில் கர்னல் பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, யானைமேல் ஐதர். அந்தப் போர் நடந்த இடம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்திலும் போர் கண்ட அதே ஊர். பெய்லி 1782-ல் இந்தத் தீவில் கைதியாகவே இறந்தார்.

ஆபே துபுவா கட்டிய தேவாலயமும் இந்தத் தீவில் இருக்கிறது. அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். இந்த நாட்டில் அம்மைப்பால் குத்துவதைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். தென்கரையோரம் பட்டாளக் கல்லறைத் தோட்டம். கம்பெனிக்காகச் சண்டையிட்ட த மெய்ரோன் என்ற சுவிஸ் படைப்பிரிவின் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அங்கே கிடக்கிறார்கள். இந்தத் தீவைப் பட்டாளம் ஏன் கைவிட்டது என்பதை யோசித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிவாஜிநகர்ப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளை ஒரு நாளாவது இங்கே கூட்டி வர வேண்டும்.

தென்கிளையைக் கடந்தால் மைசூர் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். மதியம் மிச்சமிருந்தால் ஸ்டேஷனை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்கலாம். 1979-ல் திறந்தது. மகாராணியின் சலூன் வண்டி அங்கே நிற்கிறது. பழைய நீராவி எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம். மாலை வண்டியில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். வரும்போது விட்டுப்போன மத்தூர் வடையையும் வாங்கிக்கொள்ளலாம்.